பந்தைப் பார்க்காதீர்கள்: 1982 கங்காரு அணியை வைத்து ரக்பி லீக் பார்க்கப் பழகுவது எப்படி

சிட்னிக்கு வந்த முதல் நான்கு வருஷம் எனக்கு ரக்பி லீக் என்றால் பஸ் நெரிசல், அவ்வளவுதான். நான் ஓட்டுவது பாராமட்டா வழியாகப் போகிற பஸ். மைதானத்தில் ஆட்டம் இருக்கிற நாளில் நீலமும் மஞ்சளும் போட்ட கூட்டம் ஏறும். தோற்ற அன்றைக்குச் சத்தமில்லாமல் இறங்கிப் போவார்கள். ஜெயித்த அன்றைக்கு இறங்கவே மாட்டார்கள். வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தால் முட்டுகிறார்கள், விழுகிறார்கள், எழுந்து மறுபடி முட்டுகிறார்கள். ஊரில் கபடி ஆடியவன் நான், முட்டுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இதில் என்ன நடக்கிறது, எதற்குக் கத்துகிறார்கள் என்று பிடிபடவே இல்லை.

பிடிபட வைத்தவர் எங்கள் டிப்போவில் வேலை பார்த்த ஒருவர். இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் பிறந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். 1982 அக்டோபர் 30-ஆம் தேதி பன்னிரண்டு வயதுப் பையனாக அப்பாவோடு பூத்ஃபெரி பார்க் மைதானத்துக்குப் போய், தன் நாடு ஆஸ்திரேலியாவிடம் 40-4 என்று தோற்றதை நின்றுகொண்டே பார்த்தவர். அந்த ஆட்டத்தை அவர் சொல்லக் கேட்க வேண்டும். ஜெயித்தவர்கள் சொல்லும் கதையில் பெருமைதான் இருக்கும். தோற்றவருக்குத்தான் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தது என்று தெரியும். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கேட்ட கேள்விகளில் எனக்கே பாதி தெளிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரக்பி லீக்கை முன்பின் பார்க்காதவர்கள் நாலைந்து சாயங்காலம் ஒதுக்கினால் போதும்.

ஏன் நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டம் என்று கேட்பீர்கள். புதிதாகப் பார்க்கிறவருக்குச் சமமான இரண்டு அணிகள் மோதுவது உதவாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆடும், வித்தியாசம் கண்ணில் படாது. ஒரு அணி சரியாகச் செய்வதும் மற்றது செய்யாமல் விடுவதும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். அதற்கு 1982-இல் ஆஸ்திரேலியா பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போன பயணத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கதைச் சுருக்கம்

ஆஸ்திரேலிய தேசிய ரக்பி லீக் அணிக்குக் கங்காருக்கள் என்று பெயர். 1908-லிருந்து சில வருஷத்துக்கு ஒருமுறை பிரிட்டனுக்கும், பிற்காலத்தில் பிரான்சுக்கும் சேர்த்து, அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் பயணம் போவார்கள். வார நடுவில் ஒரு கிளப்போடு ஆட்டம், வாரக் கடைசியில் இன்னொன்று, நடுநடுவே நாட்டு அணிகள் மோதும் டெஸ்ட். 1982-இல் மேக்ஸ் கிரிலிச் கேப்டன், ஃபிராங்க் ஸ்டான்டன் பயிற்சியாளர். பிரிட்டனில் 15 ஆட்டம், பிரான்சில் 7 ஆட்டம், மொத்தம் 22. இருபத்திரண்டிலும் ஜெயித்தார்கள். அதற்கு முன்னால் எந்தக் கங்காரு அணியும் ஒரு தோல்விகூட இல்லாமல் ஊர் திரும்பியதில்லை. 'வெல்ல முடியாதவர்கள்' என்று பெயர் வந்தது.

பிரிட்டனோடு மூன்று டெஸ்ட்: ஹல்லில் 40-4, விகனில் 27-6, லீட்ஸில் 32-8. கூட்டிப் பாருங்கள், 99-18. ஒன்று குறைய நூறு. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து பிரிட்டன் போட்டது ஒரே ஒரு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது). மூன்றாவது டெஸ்டில் ஸ்டீவ் எவன்ஸ் போட்டார்.

இதை எதிர்பாராத அடி என்றுதான் சொல்ல வேண்டும். நாலே வருஷத்துக்கு முன், 1978-இல், இதே ஸ்டான்டன் பயிற்சியாளராக வந்த அணி பிராட்ஃபோர்டில் பிரிட்டனிடம் ஒரு டெஸ்ட் தோற்றது. பிறகு பிரான்சில் இரண்டு டெஸ்டையும் தோற்றுவிட்டுத்தான் ஊருக்குப் போனது. அந்த மனுஷன் நாலு வருஷம் அதை மனசில் வைத்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன். 1982-இல் பிரான்சின் அவிஞோனில் 15-4, நார்போனில் 23-9.

உட்காருவதற்கு முன்

வேண்டியவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சின்னக் கிண்ணம், ஆறு புளியங்கொட்டை. புளியங்கொட்டை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்று டெஸ்டின் பதிவுகளும் யூடியூபில் தேடினால் முழுசாகவோ துண்டு துண்டாகவோ அகப்படும். படம் மங்கல்தான். அக்டோபர் கடைசி, நவம்பர் மாத வட இங்கிலாந்து வேறு, வெளிச்சமும் கிடையாது. ஆளை அடையாளம் காண உடுப்பை நம்புங்கள். ஆஸ்திரேலியா பச்சைச் சட்டை, நெஞ்சில் பொன்னிறத்தில் வி. பிரிட்டன் வெள்ளைச் சட்டை, சிவப்பும் நீலமுமாக வி. இரண்டாம் பாதியில் சேறு அப்பிக்கொண்டபிறகு வெள்ளைச் சட்டைதான் முதலில் அடையாளம் இழக்கும்.

சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் பந்து இருக்கிற இடத்தைத்தான் பேசுவார், உங்கள் கண்ணும் அங்கேயே போகும். நமக்கு அது வேண்டாம்.

ஒரே நாளில் மூன்றையும் பார்க்காதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை அக்கா மகனை உட்காரவைத்து, பஜ்ஜி போட்டுக்கொடுத்து, வரிசையாக ஓடவிட்டேன். விகன் ஆட்டம் பாதியில் அவன் சோபாவில் குறட்டை. இருபது நிமிஷம் பார்த்தால் பத்து நிமிஷம் பேசுங்கள், அது போதும்.

பழைய விதிகள், மூன்று வாரம் நான் தப்பாகச் சொன்னவை உட்பட

ஒரு பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிஷம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ட்ரை. பின்பக்கமாகத்தான் பாஸ் கொடுக்கலாம், முன்னால் போகவேண்டுமென்றால் ஓடு, இல்லையென்றால் உதை. பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தினால் ஒரு டேக்கிள். பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலடியில் வைத்துப் பின்னால் தள்ளுவார், அங்கே நிற்கும் டம்மி ஹாஃப் எடுத்துக் கொடுப்பார், மறுபடி ஆட்டம். இப்படி ஆறு டேக்கிள் வரைக்கும்தான் பந்து உங்களிடம்.

பதினைந்து பேர் ஆடுகிற ரக்பி யூனியன் வேறு. 1895-இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி, தனியாகப் பிரிந்ததிலிருந்து வந்தது லீக். ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாமல் போகிற நாளின் கூலியை ஆட்டக்காரனுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்களின் ஆட்டம் இது. எனக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய ஆட்டம் கொஞ்சம் பார்த்திருப்பவர்கள் 1982-இல் குழம்புகிற இடங்கள் சில உண்டு. ட்ரைக்கு அப்போது 3 புள்ளிதான், 4 ஆனது அடுத்த வருஷம். கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற கோலுக்கு 2, ஆட்டம் ஓடும்போதே பந்தைத் தரையில் தட்டி உதைக்கிற டிராப் கோலுக்கு 1. தடுக்கிற அணி இப்போது 10 மீட்டர் பின்வாங்குகிறது. அப்போது 5 மீட்டர்தான், ஆகவே எல்லாமே நெருக்கத்தில், மூச்சு முட்ட நடக்கும். இன்றைக்கு ஆறாவது டேக்கிள் முடிந்தால் பந்தை அப்படியே எதிரணியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது ஆறாவது டேக்கிளில் ஸ்க்ரம் போட்டார்கள், அதாவது இரண்டு அணியின் முன்கள ஆட்களும் தோள் கோத்து முட்டித் தள்ளி, நடுவே போடுகிற பந்துக்குப் போட்டி போடுவது. இதைத்தான் நான் மூன்று வாரம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாமா, பந்தைக் கொடுத்துடணும்னு சொன்னீங்க, ஏன் தலையை முட்டிக்கிட்டு நிக்கிறாங்க?" என்று அவன் கேட்டான். "யாரோ பந்தைத் தவறவிட்டிருப்பான்டா" என்று சமாளித்தேன். ஹல்காரர்தான் சிரித்துவிட்டுத் திருத்தினார். அந்தக் காலத்து ஸ்க்ரம் நிஜமாகவே பந்துக்குச் சண்டை, இப்போதுபோலச் சாய்ந்து நின்றுவிட்டு எழுவதில்லை.

மாற்று ஆட்கள் இரண்டே பேர். இதை மறக்காதீர்கள். இன்றைக்குப் பெரிய ஆட்கள் கொஞ்ச நேரம் முட்டிவிட்டு வெளியே உட்கார்ந்து திரும்ப வருகிறார்கள். 1982-இல் எண்பது நிமிஷமும் அதே உடம்புதான் ஓட வேண்டும். ஆட்டத்தின் முக்கால்வாசி விடை இதில் இருக்கிறது.

புளியங்கொட்டை

முதல் சாயங்காலம், ஹல் டெஸ்டின் இரண்டாம் பாதி. முதல் பாதியை வேண்டுமென்றே விடுங்கள். இடைவேளை வரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அணை உடைந்தது அதற்குப் பிறகுதான்.

ஆறு புளியங்கொட்டையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேக்கிளுக்கும் ஒன்றைக் கிண்ணத்தில் போடுங்கள். பந்து கை மாறினால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. விரலை மடக்கி எண்ணலாமே என்று தோன்றும். எண்ண முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். யாராவது நாற்பது கஜம் ஓடினால் கை தானாக முஷ்டியாகிவிடும். கிண்ணத்தில் விழுகிற சத்தம்தான் நம்மைக் கணக்கில் வைத்திருக்கும்.

முதலில் வெறும் தாயக்கட்டை விளையாட்டு மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒரு தாளம் பிடிபடும். ஒன்று, இரண்டு, மூன்று டேக்கிள் வரைக்கும் பெரிய உடம்புக்காரர்கள் நேராக முட்டுவார்கள். அங்கே ஒன்றும் நடக்கப்போவதில்லை, இடம் பிடிக்கிற வேலை. கபடியில் ரெய்டர் முதல் பத்து விநாடி, தாண்டியே ஆகவேண்டிய பாக் லைனை ஒட்டிச் சும்மா நகர்வாரே, அது மாதிரி. நான்கு, ஐந்தில் பந்து அகலமாகப் போகும். கடைசியில் உதை. எப்போது என்ன வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தோன்ற ஆரம்பித்தால் முதல் பாடம் முடிந்தது.

இதில் ஒரு ருசி இருக்கிறது. ஆஸ்திரேலியா அந்தத் தாளத்தை எங்கெங்கே மீறுகிறது என்று குறித்துவையுங்கள். கிண்ணத்தில் இரண்டே கொட்டை கிடக்கும்போது திடீரென்று ஒருவர் விழுந்துகொண்டே பந்தைப் பக்கத்தில் தட்டிவிடுவார், அங்கே ஏற்கெனவே ஒருவர் ஓடிவந்துகொண்டிருப்பார். டேக்கிள் முழுமையாகவில்லை, கொட்டை போடக்கூடாது. பிரிட்டன்காரர்கள் பந்து நின்றுவிட்டது என்று நினைத்து ஒரு நொடி மூச்சு விட்ட இடம் அது.

பந்து இல்லாத ஆள்

இதுதான் முக்கியமான பாடம். மற்றதெல்லாம் இதற்கு ஏற்பாடுதான்.

டிப்போ சாப்பாட்டு அறையில் ஹல்காரர் என் செல்போனை வாங்கி, பந்து இருக்கிற பக்கத்தைத் தன் கட்டைவிரலால் மறைத்தார். "இப்போ பார்" என்றார். எனக்கு எரிச்சல். "பந்தை மறைச்சிட்டா எதைப் பார்க்கிறது?" என்று கேட்டேன். "அன்னைக்கு நாங்க எல்லாரும் பந்தைத்தான் பார்த்தோம். எங்க ஆட்களும் பந்தைத்தான் பார்த்தாங்க" என்றார்.

கபடி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெரியாதவன் ரெய்டரையே பார்ப்பான். தெரிந்தவன் கார்னர் ஆட்டக்காரனின் காலைப் பார்ப்பான், பிடி எங்கே விழப்போகிறது என்று அந்தக் கால் சொல்லிவிடும்.

இரண்டாவது சாயங்காலம் பீட்டர் ஸ்டெர்லிங்கை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாஃப்பேக், அதாவது பந்தை வாங்கிக் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவர், 22 வயது, நீண்ட பொன்னிற முடி, மங்கல் படத்திலும் தொலையமாட்டார். பத்து நிமிஷம் அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்காதீர்கள். பந்து மறுமூலையில் இருந்தாலும் சரி. அவர் பாஸ் கொடுத்துவிட்ட பிறகு என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. கொடுத்தேன், என் வேலை முடிந்தது என்று நிற்கிறாரா? நிற்கமாட்டார். பந்து வாங்கியவரின் உள்பக்கத்துக்கு ஓடுவார். பத்தில் எட்டு முறை அந்த ஓட்டம் வீண். பந்து அவரிடம் வராது. அந்த எட்டு வீண் ஓட்டத்தையும் நோட்டில் குறியுங்கள். மீதி இரண்டில்தான் ட்ரை விழுகிறது.

பிறகு ஹாஃப்பேக்குக்கு அடுத்த ஃபைவ்-எய்ட்த் இடத்தில் ஆடிய பிரெட் கென்னியை அதே மாதிரிப் பாருங்கள், 21 வயது. அப்புறம் முன்கள ஆட்களில் கடைசியாக நிற்கிற லாக் இடத்தில் ரே பிரைஸ், 29 வயது. பிரைஸைப் பார்ப்பது களைப்பான வேலை. எல்லா டேக்கிளிலும் இருப்பார், எல்லா ஓட்டத்துக்கும் பின்னால் இருப்பார். மூவருமே பாராமட்டா கிளப்காரர்கள் என்பது தற்செயல் இல்லை. மைதான ஓரத்தில் ஓடுகிற விங்கர் எரிக் குரோத்தியும் அங்கேதான். அவருக்குப் பட்டப்பெயர் 'குரு', அதை எங்கள் வீட்டில் சொன்னபோது அம்மா நிஜமாகவே சாமியாரா என்று கேட்டார். ஜாக் கிப்சன் பயிற்சியில் 1981-இலும் 1982-இலும் சிட்னி பட்டத்தை ஜெயித்துவிட்டு வந்த கிளப் அது. அமெரிக்கக் கால்பந்தின் பயிற்சி முறைகளைக் கிப்சன் ஆர்வமாகப் படித்து இங்கே கொண்டுவந்தார். ஒருவர் அடுத்தவர் எங்கே ஓடுவார் என்று பார்க்காமலே தெரிந்துவைத்திருந்த நாலு பேரைத் தேசிய அணிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனது மாதிரி.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் எத்தனையாவது டேக்கிள். இரண்டாவதில் பாஸ் கொடுத்தவர் பெயர். மூன்றாவதில், கொடுத்து மூன்று விநாடி கழித்து அவர் எங்கே இருக்கிறார்: நிற்கிறார் என்றால் ஒரு புள்ளி, ஓடுகிறார் என்றால் ஒரு அம்புக்குறி. இரண்டு அணிக்கும் தனித்தனிப் பக்கம். அக்கா மகன் எழுதிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியா பக்கம் முழுக்க அம்பு, எறும்பு ஊர்ந்த மாதிரி. பிரிட்டன் பக்கத்தில் புள்ளிக்கோலம்.

இப்போது ஹல் டெஸ்டின் ஸ்கோர் அட்டையைத் திறந்து பாருங்கள். எட்டு ட்ரை, போட்டவர்கள் எட்டு பேர்: பாய்ட், ரெடி, பியர்ஸ், பிரைஸ், கென்னி, மெனிங்கா, பூஸ்டெட், குரோத்தி. நாலு பேர் முட்டுகிற முன்கள ஆட்கள், நாலு பேர் ஓடுகிற பின்கள ஆட்கள். யாராவது ஒருவர் மாயம் செய்து ஜெயித்த ஆட்டமாக இருந்தால் இந்தப் பட்டியல் இப்படி இருக்காது. எல்லாரும் வீண் ஓட்டம் ஓடினார்கள், ஆளுக்கு ஒருமுறை பலித்தது. எட்டு ட்ரைக்கு 24. மால் மெனிங்கா எட்டு கோல் உதைத்தார், 16. நாற்பது. கணக்கு சரியாக வருகிறதா என்று நீங்களே போட்டுப் பார்த்தால் பழைய புள்ளி முறை மனசில் தங்கிவிடும். மெனிங்காவுக்கு அப்போது 22 வயது, குயின்ஸ்லாந்து போலீஸில் வேலை. தொடையைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியும்.

பிரிட்டன் எடுத்த அந்த 4? எதிரணி விதி மீறியதற்குக் கிடைத்து லீ குரூக்ஸ் உதைத்த இரண்டு பெனால்டி. 19 வயது, ஹல் நகரத்துப் பையன், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால். ஹல்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் நிமிரும்.

தோற்கிற பக்கத்தையும் பாருங்கள்

மூன்றாவது சாயங்காலம் நேராக லீட்ஸ், ஹெடிங்லி மைதானம். விகனைத் தள்ளிவையுங்கள். மூன்று டெஸ்டில் பிரிட்டன் நன்றாக ஆடியது இதில்தான், ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தார்கள். 32-8 என்ற முடிவை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

இதில் பச்சைச் சட்டையை மறந்துவிட்டு வெள்ளைச் சட்டைத் தடுப்பு வரிசையை மட்டும் பாருங்கள். ஒரு டேக்கிள் முடிந்ததும் கை முழங்காலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் பாதியில் எத்தனை, கடைசி இருபது நிமிஷத்தில் எத்தனை. இதைவிட நேர்மையான புள்ளிவிவரம் கிடையாது. உடம்பு களைத்தால் கண் பந்துக்குப் போய்விடும். கண் பந்துக்குப் போனால் பக்கத்தில் ஓடிவருகிறவன் தெரியமாட்டான். ஆஸ்திரேலியர்கள் ஜெயித்தது பலத்தால் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எழுபதாவது நிமிஷத்திலும் பந்து இல்லாமல் ஓடத் தயாராக இருந்தார்கள், அந்தத் தெம்புதான் வித்தியாசம். இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிற ஆட்கள்தான், சம்பளத்துக்கு ஆட்டம் மட்டும் ஆடிய காலம் அது இல்லை.

விகன் ஆட்டத்தைக் கடைசியில் பாருங்கள். அதற்குள் நீங்களே பார்க்கத் தெரிந்தவர் ஆகியிருப்பீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவைக்கிறேன்: பெஞ்சைக் காட்டும்போது வாலி லூயிஸைத் தேடுங்கள். அந்தப் பயணத்தின் துணைக் கேப்டன் அவர். கென்னி நன்றாக ஆடியதால் டெஸ்டில் இடம் போய்விட்டது. எங்கள் ஊர்க் கபடிக் குழுவில் துணைக் கேப்டனை உட்காரவைத்திருந்தால் அவருடைய சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் பந்தலுக்கு வந்திருப்பார்கள். லூயிஸ் அடுத்த 1986 பயணத்தில் கேப்டனாகவே வந்து, அந்த அணியும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் திரும்பியது.

டெஸ்ட் அல்லாத ஆட்டங்களின் முடிவுகளையும் ஒரு கண் பாருங்கள். விகன் கிளப்போடு 13-9. ஹல் கிளப்போடு 13-7. நாட்டு அணியே நாற்பது வாங்கிய அணியைக் கிளப் அணிகள் இவ்வளவு நெருங்கின என்றால், சேர்ந்து பழகி ஆடுகிறவர்களுக்கு ஒருவர் ஓட்டம் ஒருவருக்குத் தெரியும் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹல்காரர் 13-7 என்ற எண்ணைச் சொல்லும் தொனியைக் கேட்டால் அவர்கள்தான் ஜெயித்தார்கள் போலிருக்கும்.

இன்றைய ஆட்டத்துக்கு வரும்போது

இதே வேலையை இன்றைய ஆட்டத்தில் செய்யுங்கள். 2025 அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியா 22 வருஷம் கழித்து இங்கிலாந்துக்கு டெஸ்ட் தொடருக்குப் போனது. வெம்ப்ளியில் 26-6, லிவர்பூலில் 14-4, ஹெடிங்லியில் 30-8, மறுபடி மூன்றுக்கு மூன்று. இருபத்திரண்டு ஆட்டம் எல்லாம் இல்லை, மூன்றே ஆட்டம், முடித்ததும் விமானம். படம் பளிச்சென்று இருக்கிறது, அம்புக்குறி போடச் சுலபம். லிவர்பூல் ஆட்டத்தில் தொடங்குங்கள், இரண்டு தடுப்பு வரிசையும் நன்றாக இருந்த ஆட்டம் அது. புளியங்கொட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள், இப்போது வேகம் அதிகம்.

1982-இன் மூன்று மைதானங்களில் இரண்டு இன்றைக்கு இல்லை. பூத்ஃபெரி பார்க் இருந்த இடத்தில் வீடுகள். விகனின் சென்ட்ரல் பார்க் இருந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட். ஹெடிங்லி மட்டும் நிற்கிறது. லீட்ஸ் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

எல்லாம் முடித்தவர்களுக்குப் பரீட்சை ஒன்று வைத்திருக்கிறேன். அந்தப் பயணம் முடிந்து கொஞ்ச நாளில், 1983-இல், வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுப்பதற்கு இருந்த தடை நீங்கியது. தங்களை அடித்தவர்களையே பிரிட்டிஷ் கிளப்புகள் கூப்பிட்டு வீட்டில் வைத்துக்கொண்டன. மெனிங்கா செயின்ட் ஹெலன்ஸுக்குப் போனார். ஸ்டெர்லிங் ஹல்லுக்கு. கென்னி விகனுக்கு. 1985 மே 4-ஆம் தேதி வெம்ப்ளியில் கிளப்புகளுக்கான சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், ஹல்லும் விகனும். பாராமட்டாவில் ஒன்றாக ஆடிய இருவரும் எதிரெதிர் பக்கம். ஆளுக்கு ஐந்து ட்ரை. விகன் 28, ஹல் 24. ஆட்டத்துக்கு முன் விருந்தினருக்கு அறிமுகம் செய்யும்போது கென்னி இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கடைத்தெருவில் நிற்பதுபோல நிற்பார், தவறவிடாதீர்கள். இந்த ஆட்டத்தைச் சத்தத்தோடே பார்க்கலாம். இதற்குள் வர்ணனையாளரால் உங்களைக் கெடுக்க முடியாது.

இதை நான் முதலில் பார்த்தது டிப்போவில், ஹல்காரரோடு, ஒரு மழை நாள் மத்தியானம். கென்னி வளைந்து ஓடிப் போய் ட்ரை போடுகிற இடம் வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு கென்னியைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் விரல் திரையின் வேறு மூலையில் இருந்தது. கறுப்பு வெள்ளைச் சட்டைக் கூட்டத்துக்குள் ஸ்டெர்லிங்கைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் ஓட்டத்தை நிறுத்தி, பெரிதாக்கி, "இங்க வந்துட்டான் பாரு, இன்னும் ரெண்டு அடிதான்" என்றார். அதற்குள் என் 3.40 வண்டிக்கு நேரமாகிவிட்டது.